மாறும் வண்டியும் மாறாப் பொறியும்

மண்வெட்டியின் பிடி உளுத்துப்போனால் உழவன் மண்வெட்டியை எறிந்துவிடுவதில்லை. புதிய பிடி இட்டுக்கொள்கின்றான். அலகு தேய்ந்துபோனால் பிடியை வைத்துக்கொண்டு அலகை மாற்றுகின்றான். நிலைத்து நிற்கத்தக்கது எது, காலத்துக்குக் காலம் மாறவேண்டுவது எது என்னும் பாகுபாடு அக்கருவியின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. இவ்வெளிய பாகுபாடு மோட்டார் வண்டி செய்யும் பெருந்தொழிற்சாலைகளில் நெடுங்காலம் பேணப்படவில்லை. பல தொன் நிறையுடைய பொறிகள் தேய்ந்தமையால் அன்றி, அவை செய்த பண்டத்தின் வடிவம் மாறியமையாலேயே கழிவிரும்பாயின.

நிலைபேறான வாகன உற்பத்தி பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் வண்டி கக்கும் புகையையும் அது குடிக்கும் எண்ணெயையுமே கருதுகின்றனர். அவ்வண்டியை ஆக்கும் பொறிகளின் வாழ்நாள் அத்துணை கருதப்படுவதில்லை. ஆயின், பொறியை வார்ப்பதற்குச் செலவான இரும்பும் எரிபொருளும், அதனை இயக்கப் பழகிய தொழிலாளரின் பயிற்சியும் பயன்பெறுவதும் வீணாவதும் அப்பொறி எத்தனை மாதிரி வண்டிகளுக்கு உதவுகின்றது என்பதைப் பொறுத்தனவாகும். அன்றியும், மாற்ற இயலாத பொறி மேலான வண்டி தோன்றுவதையே தடுக்கவும் வல்லது. இவ்விரு உண்மைகளும் மோட்டார் வண்டிக் கைத்தொழிலின் வரலாற்றிற் தெளிவாகக் காணக்கிடக்கின்றன.

ஒரு பண்டத்துக்கென்றே பிறந்த பொறி

உலோகத்தைக் கடைந்தும் துளைத்தும் சீவியும் சாணையிட்டும் உருத்தரும் பொறிகள் இருவகைப்படும். பொதுப்பொறி என்பது கடைசற்பொறி போன்றது. தேர்ந்த தொழிலாளி ஒருவன் அதனைக் கொண்டு இன்று ஒரு தண்டையும் நாளை ஒரு சக்கரத்தையும் கடைந்தெடுக்கலாம். சிறப்புப்பொறி என்பது ஒரே உறுப்பில் ஒரே வேலையைச் செய்வதற்கென அமைந்தது. அதனால் வேறொன்றும் செய்ய இயலாது. ஆயின் அவ்வொரு வேலையை மிக விரைவாகவும் பிழையின்றியும் செய்யும். அதனை இயக்குவதற்கு நெடுங்காலப் பயிற்சியும் வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் ஹென்றி போட் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரீ’ மாதிரி வண்டியின் வெற்றி இச்சிறப்புப்பொறிகளின் மேல் எழுந்ததாகும். டிற்றோயிற் நகரை அடுத்த ஹைலண்ட் பாக் என்னுமிடத்தில் 1910இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலே, எஞ்சின் புளொக்கின் நான்கு பக்கங்களிலிருந்தும் 40க்கு மேற்பட்ட துளைகளை ஒரே வேளையில் இடும் பொறிகள் நின்றன. 1913இல் அங்கே நகரும் ஒன்றுகூட்டல் வரிசை தொடங்கிற்று. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தை ஒன்றுகூட்டுவதற்குப் பன்னிரண்டு மணிக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது; அது 1914இல் ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 850 டொலராக இருந்த வண்டியின் விலை 1920களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே இறங்கிற்று. எளியோனும் வண்டி வாங்கத்தக்க நிலை தோன்றியது.

இவ்வெற்றியின் உள்ளேயே ஓர் இடர் ஒளிந்திருந்தது. பல சுழல்தண்டுகளைக் கொண்ட துளைபொறியின் தலையில், துளைகளுக்கிடையேயுள்ள தூரம் இரும்பிலேயே நிலைப்படுத்தப்பட்டுள்ளது. எஞ்சினை வரைபவர் ஒரு துளையைக் கால் அங்குலம் தள்ளிவைக்க விரும்பினால், அத்தலை முழுவதையும் புதிதாகச் செய்தல் வேண்டும். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. அக்கோடு ஆயிரக்கணக்கான பொறிகளின் உடலில் எழுதப்பட்டிருக்குமாயின் அதனை அழித்தெழுதுதல் அரிது.

ஆறு மாதமும் மூன்று வாரமும்

‘ரீ’ மாதிரி ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் தன் அடிப்படை அமைப்பு மாறாது நின்றது. அக்காலத்தில் மக்களின் விருப்பு மாறிற்று. போட்டி நிறுவனங்கள் வலிமிக்க எஞ்சினும் வசதியான உடலும் உடைய வண்டிகளை விற்றன. 1927 மே மாதத்தில் ஒரு கோடியே 50 இலட்சமாவது ‘ரீ’ வண்டி வெளிவந்தது. அத்தோடு அம்மாதிரியின் காலமும் முடிவுற்றது. அதற்கு அடுத்த ‘ஏ’ மாதிரி அவ்வாண்டு டிசெம்பரிலேதான் மக்கள் முன் வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மாதங்கள் போட் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஓய்ந்துகிடந்தன. சிறப்புப்பொறிகள் பல பிரித்துத் திருத்தப்பட்டன. பல உருக்கப்படுவதற்குச் சென்றன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையும் கூலியும் இன்றி நின்றனர். அவ்வாண்டு விற்பனையில் செவ்ரோலே வண்டி போட் வண்டியை முந்திற்று.

செவ்ரோலேயை நடத்தியவர் வில்லியம் நுட்சன். கோப்பனேகன் நகரிற் பிறந்து, 1900இல் அமெரிக்காவை அடைந்து, போட் நிறுவனத்திலே பணிபுரிந்து, 1921இல் அதனை விட்டு நீங்கியவர் அவர். ஒரு மாதிரிக்கென்றே கட்டப்பட்ட பொறிகளின் வலிமையையும் நலிவையும் அவர் அருகிருந்து கண்டவர். ஆகவே செவ்ரோலேயில் அவர் உறுதியான பொதுப்பொறிகளை நிறுவி, குறித்த உறுப்புக்கு வேண்டிய தனித்தன்மையைப் பிடிசட்டங்களிலும் வெட்டலகுகளிலும் அமைத்தார். பிடிசட்டம் என்பது வேலைப்பண்டத்தை அசையாது உரிய இடத்திற் பற்றிநிற்கும் துணைக்கருவி. பண்டம் மாறும்போது பிடிசட்டம் மாறும், பொறி மாறாது. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செவ்ரோலே நான்கு சிலிண்டர் எஞ்சினை விட்டு ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மாறியபோது தொழிற்சாலை ஓய்ந்திருந்தது ஏறத்தாழ மூன்று வாரமே.

இவ்வொப்பீடு முற்றிலும் சமனானதன்று. போட் வண்டி முழுவதையும் மாற்றினார். அதனோடு ஒன்றுகூட்டும் வேலையை ஹைலண்ட் பாக்கிலிருந்து றூஜ் ஆற்றங்கரைத் தொழிற்சாலைக்கும் பெயர்த்தார். செவ்ரோலே மாற்றியது பெரும்பாலும் எஞ்சினையே. அதற்குரிய ஆயத்தங்களும் முன்னரே செய்யப்பட்டிருந்தன. எனினும் பாடம் தெளிவானது. மாற்றம் வரும் என எதிர்பார்த்து அமைத்த தொழிற்சாலை மாற்றத்தைத் தாங்கிற்று. வாராது என நம்பி அமைத்தது அதன்முன் தடுமாறிற்று.

உற்பத்தித்திறனின் இக்கட்டு

1927இன் பாடம் நீடித்து நினைவில் நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போரின் பின் தோன்றிய தொடர்ப்பொறிகள் அதே வழியில் மேலும் முன்சென்றன. தொடர்ப்பொறி என்பது பல பொறிகளை ஒரே வரிசையிற் பிணைத்து, பண்டத்தை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தானே தள்ளிச்செல்லும் அமைப்பு. இங்கிலாந்தில் கொவன்றி நகரின் மொறிஸ் எஞ்சின் தொழிற்சாலையிலே பிராங் வூலாட் என்னும் பொறியியலாளர் 1920களிலேயே இதனை முயன்றார். அக்காலத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1947இல் போட் நிறுவனம் தன்னியக்கத்துக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. 1950களின் தொடக்கத்தில் ஒகையோ மாநிலத்திலே கிளீவ்லன்ட் நகரின் அருகில் அந்நிறுவனம் கட்டிய எஞ்சின் தொழிற்சாலை இம்முறைக்குப் பெயர்பெற்றது. முரட்டு வார்ப்பாக நுழைந்த புளொக்கு மனிதக் கை பெரிதும் படாமலே முழுமைபெற்று வெளிவந்தது.

ஆயின் அப்பத்தாண்டிலேயே அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினின் வலிமையைக் கூட்டுவதிற் போட்டியிடத் தொடங்கின. வலிமை கூட்டச் சிலிண்டரின் அளவு கூடவேண்டும். அளவு கூடினால் பொறிவரிசை தடையாக நிற்கும். ஆகவே, அடிப்படை அலகுகளை ஒரேயளவிற் செய்து கட்டடக் கற்களைப்போல் அடுக்கிப் பொறிவரிசையை ஆக்கும் முறை அப்பத்தாண்டிற் பரவிற்று. எனினும், வரைபவர் பொறிக்கு அடங்கி வரையும் நிலை நீங்கவில்லை. செவ்ரோலேயின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 1955இல் வெளிவந்தபோது ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 4.4 அங்குலம் இருந்தது. பின்னர் எஞ்சினின் ஏனைய கூறுகள் பலமுறை மாறியும் அவ்விடைவெளி பல தலைமுறைகளாக நிலைத்து நின்றது.

இந்நிலைமையை வில்லியம் அபர்நதி என்னும் ஆய்வாளர் போட் நிறுவனத்தின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்ந்து, 1978இல் ஒரு நூலாக வெளியிட்டார். உற்பத்தித்திறனின் இக்கட்டு என்பது அந்நூற்பெயரின் பொருள். ஒரு தொழிற்சாலை ஒரு பண்டத்தை ஆக்குவதிற் பெறும் திறன் ஏற ஏற, பண்டத்தையே மாற்றும் ஆற்றல் குன்றுகின்றது என்பது அவர் காட்டிய உண்மை. நிலைபேறு பற்றிக் கருதுவோர்க்கு இது மிக முக்கியமானது. குறைந்த எண்ணெயில் ஓடும் எஞ்சினை வரைய அறிவு இருந்தும், பழைய எஞ்சினுக்கெனப் போட்ட முதல் இன்னும் திரும்பவில்லை என்னும் காரணத்தால் அது பிற்போடப்படலாம். இறுகிய பொறி தன் இரும்பை மட்டும் வீணாக்குவதன்று; வீதியில் ஓடும் வண்டிகளின் எண்ணெயையும் வீணாக்குகின்றது.

எண்வழிக் கட்டுப்பாடும் அதன் எல்லையும்

பொறியின் இயக்கத்தை இரும்பிலிருந்து பிரித்து எண்களாக எழுதிவைக்கும் வழி வானூர்திக் கைத்தொழிலிலிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலத்து ஜோன் பாசன்ஸ் என்பாரின் கருத்தை அடியாகக் கொண்டு மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் 1952இல் எண்வழி இயங்கும் மில்லிங் பொறியை இயக்கிக் காட்டியது. அலகு செல்லவேண்டிய பாதை துளையிட்ட நாடாவிற் பதியப்பட்டிருந்தது. நாடாவை மாற்றினால் வேலை மாறும். 1960களில் லண்டனிலே மொலின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தியோ வில்லியம்சன் இத்தகைய பொறிகள் பலவற்றைக் கணினியால் இணைத்து, இரவும் பகலும் வெவ்வேறு பண்டங்களைச் செய்யும் திட்டத்தை வகுத்தார். இன்று பட்டறைகளிற் சி.என்.சி. என வழங்கும் பொறிகள் இவ்வழியில் வந்தவையே.

இவற்றால் இக்கட்டு முழுவதும் நீங்கியதெனக் கூறல் பொருந்தாது. சி.என்.சி. பொறி பொதுவாக ஒரு வேளையில் ஓர் அலகால் வெட்டுகின்றது. சிறப்புப்பொறி ஒரு வேளையிற் பல அலகுகளால் வெட்டும். இலட்சக்கணக்கில் ஒரேவகை உறுப்பு வேண்டுமிடத்து முன்னது மெதுவானது, விலையும் உயர்ந்தது. எவ்வேலையையும் செய்யவல்ல பொறியை வாங்கி, அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கையே பயன்படுத்துவதும் ஒருவகை வீண்செலவாகும்.

பிரித்துக் கூட்டத்தக்க பொறி

இவ்விரண்டுக்கும் இடைவழி ஒன்றை வகுக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1996இல் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. அதன் தலைவர் யோராம் கோரன் என்னும் பேராசிரியர். தனி ஒரு பண்டத்துக்கன்றி, எல்லாப் பண்டங்களுக்குமன்றி, ஒத்த அமைப்புடைய ஒரு பண்டக் குடும்பத்துக்கெனப் பொறியை அமைப்பதும், அக்குடும்பத்தினுள் மாற்றம் நேரும்போது பொறியின் கூறுகளைப் பிரித்து வேறுவகையாகக் கூட்டுவதும் அவரது கருத்தின் சாரம். இத்தகைய பொறி ஒன்றுக்கு அவரும் அவர் துணைவரும் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

இவ்வமைப்புக்கு ஆறு இலக்கணங்கள் கூறப்பட்டன. பொறி தனித்தனிக் கூறுகளால் ஆகியிருத்தல் முதலாவது. அக்கூறுகள் இடரின்றி ஒன்றோடொன்று இணைதல் இரண்டாவது. குறித்த பண்டக் குடும்பத்துக்கு அளவாக ஆற்றல் அமைந்திருத்தல் மூன்றாவது. ஒரு பண்டத்திலிருந்து மற்றொன்றுக்கு விரைவில் மாறவல்லதாதல் நான்காவது. தேவை கூடக் குறைய உற்பத்தியளவும் கூடிக் குறையத்தக்கதாதல் ஐந்தாவது. மாற்றிக் கூட்டியபின் நேரும் பிழையை விரைவிற் கண்டறிய இடந்தருதல் ஆறாவது.

இவற்றுள் ஆறாவதே பெரும்பாலும் மறக்கப்படுவது. கூறுகளைப் பிரித்து மீண்டும் பூட்டும்போது மயிரிழையிலும் சிறிய பிறழ்ச்சி நேர்ந்தாலும் துளை தன் இடத்தினின்று விலகும். அப்பிறழ்ச்சியைத் தேடுவதிற் பல வாரங்கள் கழியுமாயின், பொறியை மாற்றியதன் பயன் அத்தேடலிலே அழிந்துபோம். ஆகவே அளந்து பார்க்கும் கருவியும் பொறிவரிசையின் ஓர் உறுப்பாகவே அமைதல் வேண்டும். அந்நிலையம் ஆக்கிய மாதிரிப் பொறி ஒன்றிலே சுழல்தண்டு வில்வடிவான தாங்கியில் அமைந்திருந்தது. சாய்வான பரப்புகளையுடைய சிலிண்டர்த் தலைகள் ஒன்றிலிருந்து ஒன்று கோணத்தில் வேறுபடும். அச்சுழல்தண்டை வேண்டிய கோணத்தில் நிறுத்தி அவற்றைச் சீவலாம். ஒரு திசையில் மட்டும் வேண்டிய நெகிழ்ச்சியை அத்திசையில் மட்டும் கொடுப்பது இதன் சிறப்பு.

பழைய பொறியின் மறுவாழ்வு

புதிய பொறிகளை இவ்வாறு அமைப்பது ஒருபுறமிருக்க, முன்னரே நிற்கும் பொறிகளை என்செய்வது என்னும் வினாவும் உண்டு. பொறிக்கருவி ஒன்றின் நிறையிற் பெரும்பங்கு அதன் வார்ப்பிரும்பு அடித்தளத்திலும் தூணிலும் உள்ளது. அவ்வார்ப்பிரும்பு விரைவில் அழிவதன்று. அதிர்வை உறிஞ்சும் பண்பும் உடையது. தேய்வன பெரும்பாலும் வழித்தடங்கள், பேரிங்குகள், திருகுதண்டுகள் ஆகியனவே. வழித்தடங்களைச் சாணையிட்டும் கையாற் சுரண்டியும் மீண்டும் சமன்செய்து, பேரிங்குகளையும் திருகுதண்டுகளையும் புதுக்கி, புதிய மின்மோட்டர்களையும் கட்டுப்பாட்டையும் பூட்டினால், அப்பொறி மீண்டும் நுண்ணிய வேலைக்கு உரியதாகின்றது.

இங்கே காலத்தின் ஒரு விந்தை காணப்படுகின்றது. முற்காலத்திற் பொறியின் இரும்பே முதலிற் தேய்ந்தது. இக்காலத்திலோ பொறியின் மின்னணுக் கட்டுப்பாடே முதலில் மூப்பெய்துகின்றது. அதன் மாற்றுறுப்புகள் கிடையாமற் போகின்றன. அதன் மொழியை அறிந்தோரும் அருகுகின்றனர். நல்லுடல் இருக்க நரம்பு தளர்ந்தமையாற் பொறி கைவிடப்படுகின்றது. ஆகவே கட்டுப்பாட்டுப் பகுதியைப் பொதுவான இணைப்பு முறைகளோடு அமைத்து, உடலைத் தொடாமலே அதனை மாற்ற இடந்தருதல் வடிவமைப்போரின் கடமையாகும்.

பழைய பொறி மின்சாரத்தை மிகுதியாக உண்ணுமே என ஒருவர் வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துத் திமத்தி குற்றோவ்ஸ்கியும் அவர் துணைவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, மோட்டார் வண்டி உறுப்புகளைச் செய்யும் ஒரு பொறிவரிசையில் வெட்டும் வேலைக்கெனச் சென்ற சக்தி மொத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதமே எனக் காட்டிற்று. எஞ்சியது குளிர்த்தும் திரவத்தை இறைக்கும் பம்பிகளுக்கும் நீரழுத்தக் கருவிகளுக்கும் பிற துணைக்கருவிகளுக்கும் சென்றது. சக்தியை மிகுதியாக உண்பன வார்ப்பிரும்பு உடலன்று, மாற்றத்தக்க துணையுறுப்புகளே என்பது இதனாற் பெறப்படும். எனவே பொறியைப் புதுக்குங்கால் பம்பிகளையும் மோட்டர்களையும் சேர்த்துப் புதுக்குதல் வேண்டும். அதனைச் செய்யாது வெளிப்பூச்சு மட்டும் பூசுவது நிலைபேறாகாது.

மின்வண்டிக் காலம்

இவ்வினாக்கள் அனைத்தும் இன்று ஒருங்கே எழுவதற்குக் காரணம் மின்வண்டியின் வரவாகும். எண்ணெய் எஞ்சினுக்கு வேண்டிய சிலிண்டர்ப் புளொக்கும் கிராங் தண்டும் வால்வுகளும் மின்வண்டிக்கு வேண்டா. மோட்டரின் உறையும் சுழலித் தண்டும் வேகங்குறைக்கும் பற்சக்கரங்களும் அதற்கு வேண்டும். தண்டைக் கடைவதும் பற்சக்கரத்தைச் சாணையிடுவதும் உறையிற் துளையிடுவதும் பழைய தொழிலுக்குப் புறம்பான வேலைகளல்ல. கியர்ப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கும் மின்வண்டி உறுப்புகளுக்கும் உள்ள இவ்வுறவு பற்றியே, 2021இல் இங்கிலாந்தின் ஹேல்வுட் கியர்ப்பெட்டித் தொழிற்சாலையை மின்செலுத்து அலகுகள் செய்யும் இடமாக மாற்றப்போவதாகப் போட் நிறுவனம் அறிவித்தது.

ஆயின் மாற்றம் ஒரே திசையிற் செல்லும் என்பதும் உறுதியன்று. நியூயோர்க் மாநிலத்துப் பவலோ நகரை அடுத்த தொனவாண்டா எஞ்சின் தொழிற்சாலையில் மின்வண்டிச் செலுத்து அலகுகளைச் செய்வதற்கு 30 கோடி டொலர் செலவிடப்போவதாக ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2023இல் அறிவித்தது. 2025இல் அத்திட்டத்தைக் கைவிட்டு, புதிய தலைமுறை எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கென அங்கே 88 கோடி டொலருக்கு மேற் செலவிடப்போவதாக அறிவித்தது. சட்டம், எண்ணெய் விலை, வாங்குவோர் விருப்பு ஆகியன இரண்டு ஆண்டுகளில் மாறவல்லன. பொறியோ இருபது முப்பது ஆண்டுகள் நிற்பது. எதிர்காலம் இன்னதென எவராலும் அறுதியிட இயலாதவிடத்து, ஒரே எதிர்காலத்துக்கென்று பொறியை வார்ப்பது அறிவுடைமையாகாது.

தொழிலாளரின் நிலையும் இதனோடு பிணைந்துள்ளது. 1927இல் போட் நிறுவனம் புதிய மாதிரிக்கு அச்சுகள் செய்யும் தொழிலாளரைத் தேடியபோது அங்கே சேர்ந்தவருள் வோல்ற்றர் றூத்தர் என்னும் இளைஞரும் ஒருவர். பின்னாளில் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவரான அவர், 1940 டிசெம்பரில், வண்டித் தொழிற்சாலைகளில் முழுமையாகப் பயன்படாதிருந்த பொறிகளைத் திருத்தி நாளொன்றுக்கு 500 போர்விமானங்கள் செய்யலாம் என ஒரு திட்டத்தை முன்வைத்தார். வண்டிப் பொறிகள் அத்துணைக்கு உதவா என நிறுவனத்தார் மறுத்தனர். அப்போது அரசின் பாதுகாப்பு உற்பத்திப் பொறுப்பில் இருந்த நுட்சனும் அதனை ஐயுற்றார். எனினும் 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டு, அத்தொழிற்சாலைகள் போர்க்கருவிகள் செய்யத் திரும்பின. எத்தனை பொறிகளை மாற்றலாம் என்பது இரும்பை மட்டும் பொறுத்ததன்று, மாற்றக் கற்ற கைகளையும் பொறுத்தது என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள். பொறியை மறுபடி பயன்படுத்தும் தொழிற்சாலை அதனை அறிந்த தொழிலாளரையும் பேணவேண்டும். அவரை நீக்கிவிட்டு இரும்பை மட்டும் வைத்திருப்பதாற் பயனில்லை.

முடிவுரை

மாற்றத்தக்க பொறிக்குத் தொடக்கச் செலவு மிகுதி. இணைப்பு முகங்கள் நுண்ணியனவாக இருத்தல் வேண்டும். கூறுகள் பொது அளவுகளுக்கு அடங்குதல் வேண்டும். அளவிடும் கருவிகள் உடன் நிற்றல் வேண்டும். ஒரே உறுப்பு பல ஆண்டுகள் மாறாது பேரளவில் வேண்டுமென உறுதியாகத் தெரியுமாயின் சிறப்புப்பொறியே மலிவானது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுறுதி கிடைத்தல் அரிது. ஒரு மாதிரியின் கணக்கிலேயே பொறியின் விலை முழுவதையும் எழுதித் தீர்க்கும் வழக்கம் இருக்கும்வரை, அம்மாதிரி முடிந்தவுடன் பொறியும் முடிந்ததாகவே கருதப்படும். பொறியின் விலையைப் பல மாதிரிகளின்மேற் பகிர்ந்து கணிக்கும் வழக்கம் வருமாயின், அதனை மறுபடி பயன்படுத்தும் வழியை வரைபவர் முதல் நாளிலேயே நாடுவர்.

பொறி மூப்படைந்தபின் அதற்கு மறுபயன் தேடுவது கடினம். வரைபலகையில் இருக்கும்போதே எது நிற்கும், எது மாறும் என வகுப்பது எளிது. நிற்பதைக் கனமாகவும் செம்மையாகவும் வார்த்தல், மாறுவதை எளிதிற் கழற்றத்தக்கதாக அமைத்தல், இரண்டையும் அறிந்த தொழிலாளரைப் பேணல் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே, வண்டி மாறும்போது தொழிற்சாலை அழியாது. தொழிற்சாலை அழியுமென அஞ்சி வண்டி மாறாது நிற்கவும் வேண்டாது.